துவைத்த சட்டை

விடுதலைப் போர் அருங்காட்சியகத்தைப் புதுப்பித்துவிட்டார்களாம். வாசலில் நீரூற்று, உள்ளே ஏசி, பீரங்கிக்குப் பக்கத்தில் செல்ஃபி எடுக்க ஒரு மேடை. உயிரைக் கொடுத்தவர்கள் பார்த்திருந்தால் உச்சி குளிர்ந்து போயிருப்பார்கள். சொந்தத் தம்பியின் சட்டையைப் பார்க்க அத்தை வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினாள்.

நேராகச் சித்தப்பாவின் கண்ணாடிப் பெட்டிக்குத்தான் போனாள். போரில் செத்த தம்பியின் சட்டையை வருஷக்கணக்காகத் துவைக்காமல் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தவள் அவள். "இப்படியே வெச்சிருப்போம்" என்று அருங்காட்சியகக்காரர்கள் தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் கொடுத்தாள். அந்தக் கறையையும் குண்டு துளைத்த ஓட்டையையும் பார்க்கத்தான் வருஷா வருஷம் என்னை இழுத்துக்கொண்டு வருவாள்.

பெட்டிக்குள் சட்டை பளிச்சென்று தொங்கியது. கறையைக் காணோம். காலருக்குக் கஞ்சி வேறு போட்டிருந்தார்கள். கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவான்.

"எங்கடி ரத்தம்?" என்றாள் அத்தை. அவள் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போய்க் காப்பாளரைக் கூட்டிவந்தேன். மனிதர் பெருமை பொங்க வந்தார்.

"திறப்பு விழாவுக்கு மந்திரி வந்தாரில்லையா? எல்லாத்தையும் லாண்டரிக்குப் போட்டோம். ஓட்டைகூடத் தெரியாத மாதிரி தைச்சிருக்காங்க பாருங்க!"

"அடடா, குண்டு பட்டதே தெரியலையே! கையோட ஆளையும் தைச்சு எழுப்பியிருக்கலாமே சார்?" என்றேன்.

அவர் முகம் தொங்கிப்போனது. "கோவிச்சுக்காதீங்க. ஓட்டை எங்க இருந்துச்சுன்னு காட்டுங்கம்மா, திரும்பப் போட்டுடறோம்" என்று பெட்டியைத் திறந்து சட்டையை அத்தையிடம் கொடுத்தார்.

அத்தை அதைத் திருப்பி, முதுகுப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

காப்பாளர் பெட்டிக்கு மேலே மாட்டியிருந்த புதுப் பலகையைப் பார்த்தார். 'நெஞ்சை நிமிர்த்திக் குண்டை ஏந்திய மாவீரன்' என்று அதில் பொன்னெழுத்தில் இருந்தது.

"முதுகுலயா?" குரலைத் தாழ்த்தினார். "வேணாம்மா, பார்க்க நல்லா இருக்காது. பலகைக்குத் தகுந்த மாதிரி முன்னாடியே ஒண்ணு போட்டுடலாமே?"

"பதினெட்டு வயசுப் பையன். பயந்து ஓடினான். ஓடுறவனைச் சுட்டாங்க" என்றாள் அத்தை. "ஒரு தடவ சுட்டது போதும். நீங்க வேற சுடாதீங்க."

புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அங்கேயே நின்றபடி தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். "அரசாங்கச் சொத்தும்மா..." என்று காப்பாளர் முனகினார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். ஓட்டை திறந்ததும் அத்தை அதில் விரலை நுழைத்துப் பார்த்தாள். அப்புறம் சட்டையைத் தானே பெட்டிக்குள் மாட்டினாள், வருகிறவர்களுக்கு முதுகு தெரியும்படி.