இருபதாவது வீடு

பூட்டுக்காரருக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? காவல் நிலையத்துத் திரையில் அவர் முகம், கீழே சிவப்புக் கட்டம். செல்போன்களை வைத்துத் திருடனைத் தேடும் மெஷின் கணக்குப்படி, திருட்டுப் போன பத்தொன்பது வீடுகளில் அவருடைய செல்போன் இருந்திருக்கிறதாம். இன்னும் ஒரு வீடு சேர்ந்தால் தொழில் உரிமம் தானாகவே ரத்து. உரிமம் இல்லாதவன் பூட்டுத் திறக்கும் கருவியைத் தொட்டாலே குற்றம். இருபத்தாறு வருடத் தொழிலும் இரண்டு மகள்களின் படிப்பும் அந்த ஒரு எண்ணில் தொங்கின.

"திருட்டு நடந்த பிறகு உடைஞ்ச பூட்டை மாத்தத்தானே சார் போனேன்? அதுவும் நீங்க கூப்பிட்டு!"

"தெரியும்யா," என்றார் இன்ஸ்பெக்டர், பல் குத்திக்கொண்டே. "திருட்டு நடந்த வாரத்துல அங்க இருந்த போனையெல்லாம் மெஷின் மொத்தமா எடுக்குது. முன்னாடி பின்னாடி பாக்காது."

"அப்போ உங்க போனும் அங்கதானே இருந்துச்சு?"

"எங்க நம்பரையெல்லாம் ஆரம்பத்துலயே கழிச்சுட்டாங்க."

இதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு நாக்குகூடக் கூசவில்லை.

மேசைத் தொலைபேசி அடித்தது. பேசி வைத்தவர் ஒன்றுமே நடக்காதது போல, "பக்கத்துத் தெருவுல கதவை உடைச்சுட்டாங்க. கைக்குழந்தையோட ஒரு பொண்ணு தனியா இருக்கு. வா, பூட்டை மாத்திக் கொடு" என்றார்.

"வந்தா எனக்கு இருபது ஆயிடும் சார்."

"மேல எழுதிப் போடுறேன். கிளம்பு."

எழுதிக் கிழித்தார்! போனை அணைத்துவிட்டுப் போகலாமென்றால், அணைத்த போனுக்கு அந்த மெஷினிடம் இன்னும் பெரிய சந்தேகம். திரும்பி வீட்டுக்கு நடையைக் கட்டியிருக்க வேண்டும். கைக்குழந்தை என்ற சொல்தான் காலைக் கட்டி இழுத்துப் போனது. தன்மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது.

அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, உடைந்த கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்து நின்றிருந்தாள்.

"அண்ணே, பயமா இருக்கு. நல்ல பூட்டா போடுங்க."

நல்ல பூட்டாகவே போட்டார். பிளந்த சட்டத்துக்குப் பட்டை அடித்து, மூன்று முறை பூட்டித் திறந்து பார்த்தார். கடைசித் திருகை முறுக்கும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. உரிமம் ரத்து. கூட வந்து வாசலில் நின்ற இன்ஸ்பெக்டரின் போனும் அதிர்ந்தது. அவர் அதைப் படித்துவிட்டுக் கையை நீட்டினார்.

"நான் என்னய்யா பண்ணுவேன், மெஷின் சொல்லுது. பெட்டியைக் கொடு."

பூட்டுக்காரர் கருவிப் பெட்டியைக் கொடுத்தார். புதுச் சாவியை மட்டும் அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்தார்.

"உள்ள போய்ப் பூட்டிக்கம்மா. எவன் வந்து தட்டினாலும் திறக்காத." இன்ஸ்பெக்டரின் முகத்தை நேராகப் பார்த்தார். "முக்கியமா, இவர் வந்தா."