தஞ்சாவூர் வரை

வலங்கைமானுக்குத் தெற்கே அந்த வயலில் அரிவாளை வீசியவன் எல்லையம்மாளின் புருஷன் உத்திராபதி. கழக ஆட்சி வந்த பிறகு அது இரண்டாவது சம்பா அறுவடை. அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்டு உள்ளூர் ஆட்கள் வேலைக்கு இறங்கவில்லை. மிராசுதார் வைத்தியலிங்கம் கந்தர்வகோட்டைப் பக்கமிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். காலையில் வரப்பில் வாய்ச்சண்டை. பிறகு கல். பிறகு அரிவாள்.

வெட்டுப்பட்ட வெளியூர்க்காரன் பெயர் துரைக்கண்ணு. வலது தொடையில், கவட்டைக்குச் சற்றுக் கீழே வெட்டு. ரத்தம் விட்டுவிட்டுப் பீறிட்டது. அதைப் பார்த்ததும் இரண்டு தரப்பும் சிதறி ஓடின. உத்திராபதியும் ஓடினான்.

எல்லையம்மாள் ஓடவில்லை. இவன் செத்தால் தன் புருஷனுக்குத் தூக்கு என்பது மட்டும்தான் அப்போது அவள் மனதில் இருந்தது. தலையில் கட்டியிருந்த துணியை உருவி வெட்டுக்குள் திணித்து, இரண்டு கைகளையும் வைத்து உடம்பின் கனம் முழுவதையும் இறக்கினாள்.

ரோட்டில் போன அரிசி லாரியை அவள் போட்ட கூச்சல் நிறுத்தியது. அதில் வந்த அரிசி வியாபாரி கூத்தாநல்லூர் மீரா சாகிப்பும் டிரைவரும் அவனைத் தூக்கி ஏற்றினார்கள். கையை எடுக்காமலே அவளும் ஏறினாள்.

ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை. நர்ஸ் பாத்திமா மேரி லாரிமேலேயே ஏறிப் பார்த்தாள்.

"யாரு இவரு உனக்கு?"

"யாருமில்லீங்க."

"கையை எடுக்காத. நின்னுடுச்சான்னு தூக்கிப் பாக்காத. துணி நனைஞ்சா அது மேலயே இன்னொண்ணு வச்சு அமுக்கு. உள்ள இருக்கறதை உருவுனா ஆள் போயிடுவாரு." கட்டுத்துணி ஒரு மூட்டையை அவள் மடியில் போட்டுவிட்டு டிரைவரைப் பார்த்துக் கத்தினாள்: "தஞ்சாவூருக்கு விடுங்க! எங்கயும் நிறுத்தாதீங்க!"

பாபநாசம் தாண்டும்போது அவள் தோள் மரத்துப்போயிருந்தது. லாரி குலுங்கிய ஒவ்வொரு முறையும் விரலிடுக்கில் சூடாகக் கசிந்தது.

"குளுருதுக்கா," என்றான் துரைக்கண்ணு. உதடு வெளுத்திருந்தது.

"பேசாம கெட."

"வெட்டுனவரு சம்சாரம்தானே நீங்க? 'என்னங்க, வேணாம்'னு கத்துனீங்க."

அவள் இன்னொரு துணியை மேலே வைத்து அமுக்கினாள்.

"எங்க ஊர்ல ரெண்டு வருஷமா மழையில்லக்கா. அதான் வந்தேன்."

அவன் கண் செருகியது. "டேய், தூங்காத! கண்ணைத் தொற!" என்று அலறினாள். அப்போது அவளுக்குத் தூக்கும் நினைவில்லை, புருஷனும் நினைவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டு, "இப்ப எடும்மா," என்றார். அவள் விரல்கள் விரியவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

அறுந்த ரத்தக்குழாயைக் கட்டி, ரத்தம் ஏற்றி உயிரைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் கால் கறுத்தது. மூன்றாம் நாள் தொடையோடு எடுத்தார்கள்.

அதற்கு மறுநாள் இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் வாங்க வந்தார். எல்லையம்மாள் கட்டில் ஓரத்தில் கஞ்சிக் குவளையோடு நின்றிருந்தாள். துரைக்கண்ணு அவளை ஒருமுறை பார்த்தான்.

"உத்திராபதிதாங்க வெட்டுனாரு. நேரா பார்த்தேன். அவரு சம்சாரம்தான் என்னைக் காப்பாத்துனாங்க. ரெண்டையும் எழுதிக்குங்க."

அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. இன்ஸ்பெக்டர் போன பிறகு, அவன் தலையைத் தூக்கிப் பிடித்து, மீதிக் கஞ்சியைப் புகட்டினாள்.

உத்திராபதிக்கு ஏழு வருஷம் தண்டனை விழுந்தது. அடுத்த நடவில் அவள் தனியாக வயலில் இறங்கினாள்.