கழுத்தில் தொங்கிய போன்

"நாளைக்கு எல்லாரும் சிரிச்ச முகமா இருக்கணும்" என்று எங்கள் துறைத் தலைவர் உத்தரவு போட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு காலையிலிருந்து ஆபரேஷன் மேஜையருகே நின்றவளிடம் சிரி என்றால் எப்படிச் சிரிப்பாள்? மனுஷர் நடந்தாலே வார்டு அதிரும். அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் புயல். அந்தப் புயல் கை கழுவும் இடத்துக் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகியதை என் கண்ணால் பார்த்தேன். நல்லவேளை, நோயாளிகள் யாரும் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். அறுவை சிகிச்சை மேற்படிப்புக்கு எங்கள் துறையில் வருஷத்துக்கு இரண்டு இடம். படிக்க வருகிறவர்கள் ஒவ்வோர் ஆஸ்பத்திரியாகப் போய்ப் பார்த்து, எது பிடிக்கிறதோ அதை முதலில் கேட்பார்கள். போன வருஷம் எங்களை யாரும் சீண்டவில்லை. இரண்டு இடமும் காலி. அதற்கு முந்தைய வருஷங்களிலும் ஆளுக்கொரு வருஷமாக ஒருவர்தான் சேர்ந்திருந்தோம். நாலு பேர் வேலையை நானும் தூங்குமூஞ்சியும் இழுத்துக்கொண்டிருந்தோம். தூங்குமூஞ்சி எனக்கு ஒரு வருஷம் பின்னால் சேர்ந்தவன். தங்கமான டாக்டர். என்ன, உட்கார்ந்தால் தூங்கிவிடுவான். இந்த வருஷமும் ஆள் வராவிட்டால், நான் பிரசவத்துக்கு லீவில் போனதும் அவன் தனியாகக் கிடந்து அல்லாட வேண்டும். அவனை அப்படி விட்டுப்போக எனக்கு மனசே வரவில்லை.

"அப்போ குழந்தைய நான் பெத்துக்கவா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அவருக்கு எல்லாமே தமாஷ்தான். எனக்குத்தான் நினைத்தாலே பகீரென்றது.

மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பையன்கள், ஒரு பெண். பையன்கள் விடுதி அறை எப்படி, பரீட்சையில் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்று நல்ல பிள்ளைகளாகக் கேட்டார்கள். அந்தப் பெண்தான் ஆளைத் துளைத்தெடுத்தாள். ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைவதற்குள்ளேயே நான் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர் வைத்துவிட்டேன்.

"முதல் வருஷத்துல கத்தி கையில குடுப்பீங்களா சார், இல்ல வயித்த விரிச்சுப் புடிச்சுக்கிட்டே நிக்கணுமா?"

"குடுப்போம்மா, குடுப்போம்" என்று புயல் பல்லைக் காட்டினார்.

"தப்பு பண்ணா?"

"திருத்துவோம்."

"எப்படி சார்?"

புயலின் சிரிப்பு லேசாக ஆடியது. அவர் திருத்தும் சத்தம் வாசலில் இருக்கும் காவலாளிக்கும் கேட்கும். இன்னும் கேட்டால் கதை கந்தலாகிவிடும் என்று, "வாங்க, பயிற்சி அறையப் பாக்கலாம்" என்று நான் அவர்களைத் தள்ளிக்கொண்டு போனேன்.

பயிற்சி அறையில் ஒரு மெஷின் இருக்கிறது. சின்னத் துளை வழியாக ஆபரேஷன் செய்வதைத் திரையில் பார்த்துப் பழகலாம். புயல் போராடி வாங்கியது, அவருடைய செல்லப்பிள்ளை. பழகத்தான் எங்கள் யாருக்கும் நேரமில்லை. முந்தைய நாள்தான் தூசி தட்டினோம். புயல் அதைத் தடவித் தடவி விளக்க, கேள்விக்காரி ஓரமாக இருந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்மேல் தூங்குமூஞ்சியின் தலையணை இருந்தது. நான் மெதுவாக நகர்ந்துபோய் அதை மறைத்துக்கொண்டு நின்றேன். என் வயிறு அன்றைக்கு ஒன்றுக்காவது உதவியது.

மதியச் சாப்பாட்டின்போது பெரிய டாக்டர்கள் யாரும் உள்ளே வரக்கூடாது, வந்தவர்கள் எங்களிடம் மனம் விட்டுப் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் கதவுக்கு வெளியே ஒரு ஜோடி ஷூ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டே இருந்தது. யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

தூங்குமூஞ்சியின் கழுத்தில் சிவப்பு நாடாவில் டியூட்டி போன் தொங்கியது. எங்கள் துறையில் அது ஒன்றுதான். யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்குச் சோறு, குளியல் எதுவும் நிச்சயமில்லை. மணி அடித்தால் ஓட வேண்டும்.

கேள்விக்காரி என் பக்கம் திரும்பினாள். "உண்மையச் சொல்லுங்க அக்கா. தூங்க நேரம் கிடைக்குமா?"

புயல் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. "அதெல்லாம் தாராளமா..." என்று ஆரம்பித்தேன்.

பக்கத்திலிருந்து குறட்டை கேட்டது.

தூங்குமூஞ்சி கையில் கரண்டியோடு, தட்டின் ஓரத்தில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பையன்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. லீவு, குழந்தை, எல்லாவற்றிலும் மண் விழுந்தது என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். வயிறு மேஜைக்கும் நாற்காலிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

கதவு திறந்தது. புயல்.

வந்தவர் குனிந்து, அவன் தலையைச் சற்றே தூக்கி, நாடாவை மெல்லக் கழற்றினார். தட்டை நகர்த்தி, ஒரு துண்டை மடித்து அவன் கன்னத்துக்குக் கீழே வைத்தார். நாடாவைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, "நான்தாம்மா பேசுறேன். வலி கூடிடுச்சா? இதோ வரேன்" என்று கிசுகிசுத்தார். என்னைப் பார்த்து, உட்கார்ந்து சாப்பிடு என்று கையைக் காட்டிவிட்டு ஓடினார். அவருடைய அந்தப் பழகிய சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை.

எனக்கு அதில் புதுசாக ஒன்றுமில்லை. அவர் வழக்கமாகச் செய்வதுதான். கத்துவதும் அவர்தான், போனை வாங்கிக்கொண்டு ஓடுவதும் அவர்தான். அதனால் அதைப் பெருமையாகச் சொல்ல வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. அதற்குப்பின் கேள்விக்காரி வாயைத் திறக்கவே இல்லை. போச்சு என்று முடிவு கட்டினேன். சாயங்காலம் புயலும் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஒரு மணி நேரம் முழிச்சிருக்க முடியாதாடா உனக்கு?"

"சாரி சார்" என்றான் தூங்குமூஞ்சி, கொட்டாவியை விழுங்கியபடி.

முடிவு வந்தபோது நான் வார்டில் இருந்தேன். இரண்டு இடமும் நிரம்பிவிட்டன. கேள்விக்காரியும், அந்தப் பையன்களில் ஒருவனும். புயல் தலைகால் புரியாமல் குதித்தார். "பாத்தியா, அந்த மெஷின் பண்ண வேலைய!" என்றார். பாவம், சந்தோஷப்படட்டும்.

எனக்கு ஒன்பதாம் மாதம். அவர்கள் வேலையில் சேர்ந்த அன்று கேள்விக்காரியைப் பிடித்துக்கொண்டேன். "அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் இருக்க, ஏம்மா இங்க வந்தே?"

"நான் பாத்த எல்லா எடத்துலயும் யாராவது தூங்கி விழுந்துக்கிட்டுதான் இருந்தாங்க அக்கா. அங்கல்லாம் எழுப்பித் திட்டினாங்க" என்றாள். "சரி, நீங்க எப்ப லீவுல போறீங்க? பையில துணியெல்லாம் எடுத்து வச்சாச்சா? வீட்ல யாரு பாத்துக்குவா?"

"அடுத்த வாரம் போறேன் தாயே, ஆள விடு" என்று கும்பிட்டேன்.

குழந்தைக்கு அதுவரை பொறுமையில்லை. இரண்டே நாளில், காலை ரவுண்ட்ஸ் நடுவே, இடுப்பைப் பிடித்து இழுத்தது வலி. கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டேன். அதே நேரம் என் கழுத்தில் போன் அடித்தது. பழக்க தோஷம், கை தானாக அதைத் தேடிப் போனது. அதற்குள் நாடா என் தலைக்கு மேலே போய்விட்டது. கேள்விக்காரி அதைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "சொல்லுங்க, வரேன்" என்றாள் போனில். இன்னொரு கையால் சக்கர நாற்காலியை என் பக்கம் இழுத்து என்னை உட்காரவைத்தாள். அன்றைக்கு மட்டும் அவள் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.