குற்றாலிங்கம் பறவை பார்க்கிறார்

இறந்துபோன பிறகு குற்றாலிங்கம் முன்னைவிட மெதுவாக நடக்க ஆரம்பித்தார். உயிரோடு இருந்தபோதே தென்காசி காலாற நடப்போர் சங்கத்தில் அவரைவிட மெதுவாக நடக்கிற ஆள் கிடையாது. ஆகவே இந்த வருஷ மலை நடையிலும் அவர்தான் வரிசையின் முதல் ஆளாக நின்றார்.

சங்கத்தின் வழக்கம் அப்படி. மலை ஏறும்போது எல்லாரையும்விட மெதுவாக நடக்கிறவர் முன்னால் போவார், மற்றவர்கள் அவர் பின்னால். அவரை யாரும் முந்தக் கூடாது, அவர் உச்சியைத் தொடும்வரை யாரும் வரிசையை விட்டு இறங்கவும் கூடாது. வேகமாக நடக்கிறவனை முன்னால் விட்டால் அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பான், மெதுவாக வருகிறவன் காட்டில் தனியாகக் கிடந்து சாவான் என்று சங்கத்தை ஆரம்பித்தவர்கள் பயந்தார்கள். குற்றாலிங்கம் அந்தப் பயத்துக்கெல்லாம் இடம் வைக்கவில்லை. ஐப்பசி மழையில், சொந்தக் கட்டிலில், மனைவி பக்கத்தில் இருக்கும்போது செத்தார்.

தை பிறந்ததும் வழக்கம்போல வேன் பிடித்துச் செண்பகப்பாறை அடிவாரத்துக்குப் போனார்கள். அவருடைய ஜன்னலோர சீட்டில் யாரும் உட்காரவில்லை. வனத்துறை செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் கோமதிநாயகம் என்பவரின் டீக்கடை இருக்கிறது. அங்கே டீ குடித்துவிட்டு வரிசை கட்டினார்கள். முதலில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம். அதற்குப் பின்னால் அவர் மனைவி சண்முகவடிவு. அவளுக்குப் பின்னால் அவள் சிநேகிதி கதீஜா டீச்சர். அடுத்து, பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் சங்கச் செயலாளர் அருமைநாயகம். பிறகு மற்றவர்கள். அருமைநாயகம் "ஏறலாம்" என்று குரல் கொடுத்தார். வரிசை நகரவில்லை. அண்ணாச்சி இன்னும் கிளம்பவில்லை என்று எல்லாருக்கும் புரிந்தது.

அவர் எப்போது கிளம்புகிறார், எங்கே நிற்கிறார் என்பதையெல்லாம் வடிவு சொன்னால்தான் உண்டு. கல்யாணமான வருஷத்திலிருந்து அவர் முதுகைப் பார்த்தே மலை ஏறியவள் அவள். எந்த இடத்தில் சட்டை நனையும், எந்த வளைவில் இடது செருப்பு தேயும் என்பது அவளுக்கு அத்துப்படி. மூச்சு வாங்கினால் குற்றாலிங்கம் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். சட்டென்று நின்று, அண்ணாந்து பார்த்து, "அந்தா பாரு, பறவ" என்பார். என்ன பறவை என்று யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் காக்காயையும் மைனாவையும் விட்டால் அவருக்கு வேறு பெயர் தெரியாது. மூச்சு சீராகும்வரை பறவை அங்கேயே இருக்கும்.

இப்போது வடிவு ஓர் எட்டு வைத்தால் அவர் ஓர் எட்டு வைத்தார் என்று அர்த்தம். வரிசை முழுவதும் ஓர் எட்டு நகரும். பிறகு நிற்கும். ஏன் நிற்கிறது என்று பின்னாலிருந்து கேட்பார்கள். "அவிய பறவ பாக்காவ" என்பாள் வடிவு. அது ஒவ்வொரு வாயாகத் தாண்டிக் கடைசி ஆள்வரை போகும். எல்லாரும் அண்ணாந்து மரத்தைப் பார்ப்பார்கள். சில சமயம் நிஜமாகவே ஒரு பறவை இருக்கும்.

மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள் மாசி முடிவதற்குள் முதல் மருத மரத்தைத் தாண்டினார்கள். வரிசையின் கடைசி ஆள் இன்னும் டீக்கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அதுவும் ஒரு வசதியாகப் போயிற்று. டீயும் வடையும் கைக்குக் கை மாறி முன்னால் வந்துவிடும். முதல் கிளாஸ் குற்றாலிங்கத்துக்கு. அது ஆறியதும் வடிவு மரத்தின் வேரில் ஊற்றிவிட்டுக் கிளாஸைத் திருப்பி அனுப்புவாள். வேன்காரர் ஆடி அமாவாசை சவாரிக்குப் போய்விட்டார். ஒருவருக்கு வரிசையில் நிற்கும்போதே பணி ஓய்வு வந்தது. ஆபீஸ்காரர்கள் மாலையோடு வந்து, அவர் கழுத்தில் போட்டு, நாலு நல்ல வார்த்தை பேசிவிட்டு இறங்கிப் போனார்கள். அவரும் மாலையோடு ஓர் எட்டு வைத்தார்.

வடிவு ஏன் அடுத்த எட்டை எடுத்து வைக்க மாட்டேன் என்கிறாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. மலை உச்சியில் ஓர் இரும்புக் கம்பம் நட்டிருக்கிறது. முதலில் போகிறவர் அதைத் தொட்டதும் ஏற்றம் முடிந்தது. இறங்கும்போது வரிசை தலைகீழாகத் திரும்பிவிடும். வேகமானவர் முன்னால், மெதுவானவர் கடைசி. பாதை செங்குத்து, கீழே சரளைக் கல். நின்றால் பின்னால் வருகிறவர் சறுக்கி மேலே விழுவார். ஆகவே இறங்கும்போது யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. காலைப் பார்த்து நடக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. மெதுவானவர் எப்போது வந்து சேருவாரோ அப்போது வருவார்.

குற்றாலிங்கத்துக்கு முழங்கால் வலி. இறக்கத்தில் ஒவ்வொரு கல்லாக உட்கார்ந்து எழுந்து வருவார். எல்லாரும் டீ குடித்து, வடை தின்று, வேனில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவர் வந்திருக்க மாட்டார். வடிவு மட்டும் பெஞ்சில் இருப்பாள். அவருடைய டீயை வாங்கி, வடைத் தட்டால் மூடி, பக்கத்தில் வைத்திருப்பாள். அவர் வந்து உட்கார்ந்ததும், "ஆறிப்போச்சோ?" என்று கேட்பார். "ஆறல, குடிங்க" என்பாள். பச்சைத் தண்ணீராக இருக்கும். அவரும் சூடாக இருப்பது போல ஊதி ஊதிக் குடிப்பார்.

உயிரோடு இருக்கும்போதே அத்தனை நேரம். இப்போது அவரைக் கடைசியில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனால், அந்தப் பெஞ்சில் எவ்வளவு காலம் உட்கார்ந்திருப்பது? ஏறுகிறவரைக்கும் அவர் முன்னால் இருக்கிறார். கை நீட்டினால் எட்டும் தூரம். அது போதும் என்று இருந்தாள்.

கதீஜா டீச்சரின் மகளுக்குச் சித்திரையில் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். தலைப்பிரசவம். சித்திரை போயிற்று, ஆனி போயிற்று. டீக்கடைக்குப் போன் வரும். சேதி வரிசை வழியாக முன்னால் வரும். மகள் சுகம், வயிறு பெரிதாக இருக்கிறது, வலி இல்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு, குழந்தை நன்றாக இருக்கிறது, யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றாராம். புரட்டாசியில் மகளால் நடக்க முடியவில்லை என்றார்கள். கார்த்திகையில் படுக்கவும் முடியவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறாள் என்றார்கள். ஒவ்வொரு சேதியையும் கதீஜா டீச்சர் கேட்டுத் தலையாட்டுவாள். சேதி அவளோடு நின்றுவிடும். தனக்கு முன்னால் நிற்கிற வடிவிடம் அவள் எதையும் சொல்லவில்லை. ஆனால் பின்னாலிருந்து வரும் பேச்சு காதில் விழாமல் இருக்குமா? வடிவுக்கு எல்லாம் கேட்டது.

இரண்டாம் மருத மரத்தடியில் நின்றபோது ஒரு நாள் காலையில் கதீஜா டீச்சர் அவள் தோளைத் தொட்டாள். அதுவரை தொட்டதில்லை.

"அக்கா, அவிய இன்னமும் பறவதான் பாக்காவளா?"

வடிவு மரத்தைப் பார்த்தாள். கிளையில் ஒன்றும் இல்லை. இலைகூட அதிகம் இல்லை. பொய் சொல்ல வாயெடுத்தாள். அதே நேரம், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தூங்குகிற ஒரு பெண்ணும் கண் முன்னால் வந்தாள். அந்தப் பெண்ணின் கல்யாணத்தில் குற்றாலிங்கம் பிரியாணியை ஒரு பிடி பிடித்ததும் நினைவுக்கு வந்தது.

"பறவ போயி ரொம்ப நாளாச்சு டீச்சர்" என்றாள் வடிவு. "நாந்தான் நிக்கேன்."

கதீஜா டீச்சர் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

வடிவு ஓர் எட்டு வைத்தாள். பிறகு இன்னொன்று. எதிரில் இருந்த இடம் அவளுக்கு முன்னால் அதே தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அவர் இவ்வளவு நாளும் நடக்கத் தயாராகவே இருந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே ஏறினாள். பின்னால் வரிசை கடகடவென்று நகர்ந்தது. டீக்கடை பெஞ்சிலிருந்த கடைசி ஆள் முதல் முறையாக எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மலையில் கால் வைத்தார். மீதி மலை அப்படி ஒன்றும் பெரிதில்லை. உச்சி வெயிலுக்கு முன்னால் உச்சிக்குப் போய்விட்டார்கள்.

கம்பத்துக்கு முன்னால் வடிவு நின்று, அவருக்கு வழி விட்டாள். எல்லாரும் காத்திருந்தார்கள். கம்பத்திலிருந்து கொஞ்சம் துரு உதிர்ந்தது. "தொட்டுட்டாவ" என்றார் அருமைநாயகம். பாறையில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றார்கள். வடிவு தன் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள். கீழே வயலும் குளமும் தெரிந்தன. பேச எத்தனையோ இருந்தது. வீட்டு மோட்டார் ரிப்பேர் ஆனதை மட்டும் சொன்னாள்.

பிறகு வரிசை திரும்பியது. முந்தியவர்கள் பிந்தினார்கள். கடைசியில் குற்றாலிங்கம், அவருக்கு முன்னால் வடிவு, அவளுக்கு முன்னால் கதீஜா டீச்சர். இறங்கத் தொடங்கினார்கள். பின்னால் செருப்புச் சத்தம் இல்லை, கல் உருளும் சத்தமும் இல்லை. திரும்பிப் பார்க்க வேண்டும் என்கிற ஆசை வடிவின் பிடரியில் வலியாக உட்கார்ந்துவிட்டது. காலைப் பார்த்தே நடந்தாள். மெதுவா வாங்க, அவசரமில்ல என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

பாதி இறக்கத்தில், பாதை குறுகுகிற ஒரு வளைவில், எல்லாரும் மலைப் பக்கமாக ஒதுங்கினார்கள். அவசரமாகப் போகிற ஆளுக்கு வழி விடுவது போல ஒதுங்கி, பிறகு மறுபடியும் நடந்தார்கள். வடிவும் ஒதுங்கினாள். அப்போது செருப்பு வாருக்குள் சிக்கிய முள்ளைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்ததால் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

டீக்கடைக்கு வந்தபோது தென்காசி பஸ் நின்றுகொண்டிருந்தது. கதீஜா டீச்சர் வடிவின் இரண்டு கைகளையும் பிடித்தாள். ஓடிப்போய் ஏறினாள். அவள் படியில் கால் வைத்ததும் கோமதிநாயகத்தின் போன் அடித்தது. பெண் குழந்தை, இருவரும் நலம், குழந்தைக்குப் பல் முளைத்திருக்கிறது என்றார்கள்.

வடிவு பெஞ்சில் தன் வழக்கமான மூலையில் உட்காரப் போனாள். அங்கே ஒரு டீ கிளாஸ் இருந்தது. வடைத் தட்டால் மூடியிருந்தது.

"அண்ணாச்சி வந்துட்டுப் போயிட்டாவ மைனி" என்றார் கோமதிநாயகம், வடைச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "முழங்கால் வலி இப்பம் சுத்தமா இல்லங்காவ. கொஞ்ச நேரம் இருந்து பாத்தாவ. அவ மெதுவாத்தான் வருவா, டீய மூடி வையும்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாவ."

வடிவுக்கு அந்த வளைவு நினைவுக்கு வந்தது. தன் தோளை ஒட்டித்தான் போயிருக்கிறார். ஒரு முள்ளுக்காகக் குனிந்திருந்தேனே என்று செருப்பைப் பார்த்தாள்.

"மூச்சு வாங்குச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல மைனி. மலை ஏறி இறங்குன ஆளு மாதிரியே இல்ல."

அவள் உட்கார்ந்து தட்டை எடுத்தாள். ஆவி வந்தது. சர்க்கரை போடாத டீ; அவளுக்குச் சர்க்கரை ஆகாது. வாய் வைத்துப் பார்த்தாள். நாக்கைச் சுட்டது. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஊதினாள்.

சங்கத்தார் அவளுக்குப் பின்னால் வரிசையாக நின்று ஆளுக்கொரு கிளாஸ் வாங்கினார்கள். மெதுவானவரை முந்தக் கூடாது என்பதால், அவள் குடிக்கட்டும் என்று கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அது போன வருஷம். நேற்று நிலவரப்படி வடிவு முக்கால் கிளாஸ் குடித்திருக்கிறாள். இன்னும் ஆறவில்லை. கதீஜா டீச்சர் பேத்தியை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறாள். பின்னாலிருந்து யாராவது என்ன தாமதம் என்று கேட்டால், "மைனி பறவ பாக்காவ" என்கிறார் அருமைநாயகம். எல்லாரும் அண்ணாந்து மரத்தைப் பார்க்கிறார்கள்.