பெயர் மாறிய டப்பா

என் வயிற்றைப் பற்றி எனக்கு எப்போதும் கொஞ்சம் கர்வம் உண்டு. லிஃப்ட் மெக்கானிக்காக ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில், எந்தக் கட்டடத்தில் எதைக் கொடுத்தாலும் தின்பேன். கூட வந்தவன் கழிப்பறைக்கு ஓடுவான், நான் கம்பிவடத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருப்பேன். "உங்கப்பாவுக்கு இருக்கறது வயிறு இல்ல, குப்பைத்தொட்டி" என்று என் மனைவி மகளிடம் சொல்வாள். அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். நம் புத்தி அவ்வளவுதான்.

மனைவி ஒரு பெரிய தொழிற்சாலையின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. மேனேஜர் உட்பட அங்கே எல்லோருக்கும் அவள் 'கேன்டீன் அக்கா'. ஒரு நாள் மதியம் அங்கே சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு மறுநாள் காய்ச்சலும் பேதியும் கண்டது. பச்சை முட்டையை அடித்துச் செய்த சாஸ் ஒன்றின் மேல் எல்லோருக்கும் சந்தேகம். சுகாதாரத் துறையிலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்து, அடுப்படியில் வேலை செய்கிற ஒவ்வொருவர் கையிலும் பெயர் ஒட்டிய சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார். மறுநாள் காலையில் அதில் மலம் எடுத்து வர வேண்டும். யாராவது எதையாவது மறைத்தது தெரிந்தால் வேலை போவதோடு நிற்காது, வழக்கும் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே என் மனைவி வீட்டைவிட்டுக் கிளம்பி அடுத்த தெருவில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம் பேத்தி. மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்க்கிறார், அதனால் மகளும் அவளுடைய இரண்டு மாதக் குழந்தையும் எங்களோடுதான். பிரசவத்துக்குப் பிறகு மகளுக்கு ஏதோ கடுமையான மாத்திரை, தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டாள். எனவே மாவுப் பால் கலக்குவது, ஏப்பம் விட வைப்பது, டயப்பர் மாற்றுவது எல்லாம் என் பொறுப்பு. முட்டி தேய்ந்து வேலையை விட்ட பிறகு எனக்குக் கிடைத்த ஒரே உத்தியோகம் அது. அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பது என் எண்ணம்.

சாயங்காலம் அவள் கேட்டுக்கு வெளியிலேயே நின்று என்னைக் கூப்பிட்டாள். உள்ளே வரமாட்டேன் என்றாள்.

"அந்த சாஸ் செஞ்சதுக்கு முந்தின நாள் எனக்கு ரெண்டு தடவ வயித்தால போச்சு. யார்கிட்டயும் சொல்லல. லீவு போட ஆள் இல்ல. வயித்தால போனா அடுப்படிக்கு வரக்கூடாதுன்னு போர்டு எழுதி மாட்டினதே நான்தான்."

"சரி, அதுக்கு?"

"அதுக்கா? இந்த டப்பாவுல என்னோடதைக் கொடுத்து, அதுல ஏதாவது இருந்துட்டா? அத்தன பேரையும் நான்தான் படுக்க வெச்சேன்னு ஆயிடும்."

அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. பார்த்தால் எனக்கு உடனே ஏதாவது செய்துவிட வேண்டும், யோசிப்பதெல்லாம் பிறகுதான். சாஸ் பரிமாறிய அன்று மிச்சமான ரொட்டியையும் சாஸையும் அவள் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தாள். மகள் தொடவில்லை. நான்தான் பாத்திரத்தைத் துடைத்துத் தின்றேன். எனக்கு ஓர் ஏப்பம்கூடத் தப்பாக வரவில்லை.

"கொடு இங்க. என்னோடது சுத்தமான சரக்கு. உன் பேர்ல நான் கொடுக்கறேன்" என்றேன்.

மறுநாள் காலையில் மூன்று கவர் போட்டுக் கட்டி கேட்டுக்கு மேலே நீட்டினேன். "கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க எனக்குக் கொடுத்ததுலயே உருப்படியானது இதுதான்" என்று வாங்கிக்கொண்டாள். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்த வாரம் முடிவதற்குள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. மதியம் பாட்டிலை வாயில் வைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. என் மேல் ஏதோ கோபம்போல என்று கொஞ்சினேன். டயப்பரைப் பிரித்தால் பச்சைத் தண்ணீர், நடுவே நூல் மாதிரி ரத்தம். மகளுக்குப் போன் செய்ய எண்ணைத் தேடினேன், கண்ணுக்கு எழுத்தே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் கையில் நரம்பு கிடைக்காமல் கடைசியில் காலில் ஊசியைச் செருகினார்கள். டாக்டர் இளவயது. கேள்விகளை மெதுவாகக் கேட்டார்.

"வீட்டுல வேற யாருக்காவது வயித்தால போகுதா?"

"இல்ல டாக்டர்" என்றாள் மகள். "அம்மா வேலை பாக்கற கேன்டீன்ல நிறைய பேருக்கு வந்துச்சு. ஆனா அம்மா அன்னிலேர்ந்து சித்தி வீட்டுலதான் இருக்காங்க. குழந்தையைக் கண்ணால கூடப் பாக்கல. பால் கலக்கறது எல்லாம் அப்பாதான்."

"அப்பாவுக்கு?"

"அவருக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கார்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"அப்போ அந்தக் கேன்டீனுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கற மாதிரி தெரியல" என்றார் அவர். பேதியை உண்டாக்கும் கிருமிகள் பல வகை, பார்த்தே எது என்று சொல்ல முடியாது என்று விளக்கினார். மலமும் ரத்தமும் பரிசோதனைக் கூடத்துக்குப் போயிருக்கின்றன, கிருமியைத் தட்டில் வளர வைத்து அடையாளம் காண வேண்டும், அதற்கு மேல் எந்த மருந்துக்கு அது சாகிறது என்றும் பார்க்க வேண்டும். அது வரைக்கும் வழக்கமாகப் பலன் தரும் ஓர் ஊசி. இவ்வளவு சின்னக் குழந்தைக்குக் கிருமி குடலோடு நிற்காமல் ரத்தத்திலும் கலக்கலாம் என்று கடைசியில் சொன்னார். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் வரை காய்ச்சல் இறங்கவில்லை. உடம்பில் நீர் வற்றிக் குழந்தையின் உச்சந்தலை குழிந்திருந்தது. அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் முனகியது. அந்த முனகலைவிட அது நின்றுபோகும் இடைவெளிதான் என்னைக் கொன்றது. அப்போது மனைவியிடமிருந்து போன் வந்தது. "கீழ வாங்க. வாசல்ல நிக்கறேன்."

ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில், தூணை ஒட்டி நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அந்த சுகாதாரத் துறை அம்மா போன் பண்ணாங்க. என் டப்பாவுல கிருமி வளர்ந்திருக்காம். சால்மோனெல்லா."

"உன் டப்பாவுலயா?"

"என் பேர் போட்ட டப்பாவுல."

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது, "எனக்கு ஒண்ணுமே ஆகலையே" என்றேன். இதைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல இன்னொரு முறையும் சொன்னேன்.

"ஆகாமலும் உள்ள இருக்குமாம். பெரியவங்களுக்கு மருந்தே வேண்டாம், தானா போயிடும், அடுப்படிக்கு மட்டும் வராதீங்கன்னாங்க. இது வழக்கமா போடற ஊசிக்கு மசியாத வகையாம். பச்சக் குழந்தைக்கு வந்தாத்தான்..." அவள் அதை முடிக்கவில்லை.

"நான் சொல்லிட்டா உன் வேலை?"

அவள் தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட் எங்கோ மேலே நின்றிருந்தது. மாடிப்படி ஏறினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் முட்டி வலிக்கிறது என்று நின்றேன். உண்மையில் முட்டிக்காக நிற்கவில்லை. ஒருவேளை குழந்தைக்கு வந்தது வேறு கிருமியாக இருக்கலாம். ஒருவேளை இந்நேரம் காய்ச்சல் இறங்கியிருக்கலாம். இறங்கியிருந்தால் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அவள் அடுத்த முறை தன்னுடையதையே கொடுத்துக்கொள்வாள். பாத்திரம் கழுவும் ஆளாகச் சேர்ந்து அந்த அடுப்படியைத் தன் பிடிக்குள் கொண்டு வந்தவள் அவள். என் வாய் வீம்பால் அது போக வேண்டுமா? இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வார்டில் நர்ஸ் தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்து டாக்டரிடம் காட்டினாள். காலையில் இருந்ததைவிட ஏறியிருந்தது.

"டாக்டர்" என்றேன். "அந்தக் கேன்டீன் டப்பாவுல இருந்தது என்னுது."

"எந்த டப்பா?"

"அவ பேர் போட்டது. உள்ள இருந்தது என்னோடது. கிருமி எனக்குத்தான். இந்த ஊசிக்கு அது கேக்காதாம்."

டாக்டருக்குப் புரியச் சில நொடி ஆயிற்று. மகளுக்கு அவ்வளவுகூட ஆகவில்லை. எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்பா, பால் கலக்கும்போது கையைச் சோப்பு போட்டுத்தானே கழுவினீங்க?"

பாட்டிலைக் கொதிக்க வைத்தேன். தண்ணீரை ஆற வைத்தேன். மாவைக் கத்தியால் மட்டமாகச் சீவி அளந்தேன். மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தேன். கையை மட்டும், டயப்பர் மாற்றிய கையை, குழாயடியில் காட்டி வேட்டியில் துடைத்துக்கொண்டேன். வாழ்நாள் முழுக்க கிரீஸ் அப்பிய கை, எனக்கு எது அழுக்கு என்றே தெரியாது.

"நனைச்சேன்மா" என்றேன்.

அவள் திரும்பிக் குழந்தையிடம் போனாள். டாக்டர் அதற்குள் போனை எடுத்திருந்தார். அந்த அதிகாரியின் நம்பர் என்ன, எந்தப் பரிசோதனைக் கூடம் என்று கேட்டார். மனைவியை மேலே வரச் சொன்னேன். அவள் அந்த அதிகாரியம்மாவை அழைத்து, "மேடம், நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்துப் போனை டாக்டர் கையில் கொடுத்தாள். எதிர்முனையில் மருந்துகளின் பெயர்களைப் படிக்கப் படிக்க டாக்டர் எழுதிக்கொண்டார். எழுதியதில் ஒன்றை வட்டமிட்டு நர்ஸிடம் நீட்டினார். பழைய ஊசியை நிறுத்தினார்கள்.

அடுத்த நாள் குழந்தையின் பரிசோதனையிலும் அதே கிருமி என்று தெரிந்தது. அதற்கடுத்த நாள் காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. எனக்கு வார்டுக்குள் அனுமதி இல்லை. என் மலத்தில் கிருமி போய்விட்டது என்று தெரியும் வரை குழந்தையின் பாலையோ பாட்டிலையோ தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகளும் சொன்னாள், அவள் சொன்னது இன்னும் சுருக்கம். என்னிடமும் ஒரு டப்பா கொடுத்தார்கள், இந்த முறை என் பெயர் ஒட்டி.

வராந்தா பெஞ்சில் நானும் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். வேலையிலிருந்து நீக்கியாயிற்று என்று முந்தின நாளே மேனேஜர் சொல்லிவிட்டார். வழக்கு வேண்டாம் என்று அந்த அதிகாரியம்மாதான் விட்டுக் கொடுத்தார். ஆனால் அவளுடைய உண்மையான மலத்தைத் தனியாக வாங்கிப் போயிருந்தார். அதன் முடிவு போனில் வந்தது. அவள் படித்துவிட்டு என் பக்கம் காட்டினாள். கிருமி எதுவும் இல்லை.

"அப்போ அன்னிக்கு உனக்கு ரெண்டு தடவ போனது?"

"என்னமோ. வெறும் வயித்துக் கோளாறுதான் போல." போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "என்னோடதையே கொடுத்திருந்தா எனக்கு இன்னும் வேலை இருந்திருக்கும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வேலைக்குப் போயிட்டிருப்பேன். உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு நெனச்சுக்கிட்டிருப்போம். குழந்தைக்கு எந்த ஊசி போடணும்னு அன்னிக்கே யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

உள்ளே குழந்தை அழுதது. முனகல் இல்லை, தொண்டையைத் திறந்து அழுகிற பசி அழுகை. நான் எழுந்துவிட்டேன். பிறகு உட்கார்ந்தேன்.

அவள் எழுந்து போய், வாசலருகே இருந்த கை கழுவும் தொட்டியில் முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.