ஒரு சாண் தூரத்தில் நின்ற கை

ஆயுத பூஜை லீவு முடிந்து கம்பெனி திறந்த முதல் நாள், முதல் ஷிஃப்டிலேயே ரோபோ கை எல்லை தாண்டிவிட்டது.

விம்கோ நகரில் சோப்புத்தூள் பாக்கெட் போடும் சின்னக் கம்பெனி அது. அட்டைப்பெட்டிகளைத் தூக்கி அடுக்க ஒன்றரை ஆள் உயரத்துக்கு ஒரு மோட்டார் கை வைத்திருந்தார்கள். தரையில் போட்ட மஞ்சள் கோடு வரை திரும்பி அது நிற்க வேண்டும். அன்றைக்குக் கோட்டைத் தாண்டிப் போய், அங்கே கிடந்த ஸ்டூலைச் சப்பையாக நசுக்கி, தூணில் இடித்துத்தான் நின்றது. பூமாரி உட்கார்ந்து பெட்டிக்கு டேப் ஒட்டும் ஸ்டூல் அது. நல்ல வேளை, அவள் டீ குடிக்கப் போயிருந்தாள். இல்லாவிட்டால்?

அந்த மெஷினின் சாவி ஹெப்சிபாவிடம் இருந்தது. எட்டு வருஷம் பேக்கிங்கில் நின்று, மாலை வகுப்பில் எலக்ட்ரிக்கல் படித்து, மூன்று மாதம் முன்புதான் மெயின்டனன்சுக்கு வந்திருந்தாள். சாவியைக் கழுத்துச் சிலுவையோடு சேர்த்தே மாட்டியிருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இன்னாம்மா, மெஷின நான் பாத்துக்கினு கீறேன்னு சொன்னியே, இதான் பாக்கற லட்சணமா?" என்று கத்தினார் சூப்பர்வைசர் துரை. "நாலு மணி வரிக்கும் டைம். சரி பண்ணிக் காட்டு. இல்லாங்காட்டி சாவிய குட்த்துட்டு பேக்கிங்குக்கே போய்டு."

பொம்பளை கையில் சாவியா என்று முதல் நாளிலிருந்தே மனுஷனுக்குப் புகைச்சல். இன்றைக்கு வசமாகச் சிக்கியது சாக்கு.

ஹெப்சிபா புரோகிராமைப் பார்த்தாள், சரியாக இருந்தது. வயர்களைப் பார்த்தாள், ஒன்றும் பழுதில்லை. கடைசியில் ஏணி போட்டு ஏறினாள். எதிர்ச் சுவரில் உள்ள சென்சார் ஓர் ஒளியை அனுப்பும். கை கோட்டுக்கு வந்ததும், அதில் ஒட்டியிருக்கும் பளபளப்பான வட்ட வில்லையில் பட்டு அந்த ஒளி திரும்பும். திரும்பினால் மோட்டார் நிற்கும். அந்த வில்லையைத்தான் ஹெப்சிபா இப்போது தேடினாள். வில்லையைக் காணோம். அந்த இடத்தில் சந்தனம் அப்பி, நடுவில் அழகாகக் குங்குமம் வைத்திருந்தது!

"ஐயோ அக்கா, நான்தான் வெச்சேன்!" கீழே நின்ற பூமாரியின் முகம் செத்துப்போயிற்று. "எல்லா மெஷினுக்கும் வெச்சேன், இதுக்கு எங்க வெக்கறதுன்னு தெர்ல. இது ஒண்ணுதான் ரவுண்டா நெத்தியாட்டம் இருந்துச்சு."

ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தனத்தைத் துடைத்து விஷயத்தைச் சொன்னால் சாவி தப்பும். ஆனால் பூமாரி காண்ட்ராக்ட் ஆள், சாயங்காலமே வெளியே அனுப்பிவிடுவார்கள். விரலால் துடைத்தாள். சந்தனத்துக்கு அடியில் சோப்புத்தூளும் படலமாகப் படிந்திருந்தது. பொட்டே வைக்காவிட்டாலும் நாலு மாதத்தில் இதே கதிதான்.

"தப்பு உன் மேல இல்லடி. ஒத்தக் கண்ண நம்பி மெஷின வுட்டானுங்க பாரு, அவனுங்க மேல" என்றாள்.

அப்புறம் அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. கோடவுனில் துருப்பிடித்துக் கிடந்த சரக்கு லிஃப்டிலிருந்து ஒரு லிமிட் ஸ்விட்சைக் கழற்றினாள். சின்னச் சக்கரம் வைத்த ஸ்விட்ச். சக்கரத்தை இடித்தால் கரண்ட் போய் மோட்டார் நின்றுவிடும். கை கோட்டுக்கு வந்ததும் சக்கரத்தை இடிக்கிற மாதிரி அதைப் பொருத்தி, வயரே அறுந்தாலும் நிற்கும்படி இணைத்தாள். அதையும் மீறி வந்தால் தடுக்க, பின்னால் ஓர் இரும்புக் கட்டையைத் தரையில் போல்ட் போட்டு முடுக்கினாள். அதன்மேல் கட்டக் கண்டெய்னர் லாரி டயர் ஒரு துண்டு வேண்டும் என்றதும், எண்ணூர் ரோட்டுப் பஞ்சர் கடைக்கு பூமாரி ஓடினாள்.

நாலு மணிக்கு ஷிஃப்டே கூடிவிட்டது.

"பூமாரி, சந்தனம் கொண்டா. ஏணில ஏறி அதே எடத்துல அப்பு."

"ஏய், இன்னா பண்ற?" என்று பதறினார் துரை.

"இந்த வில்லைய மூடிட்டா மெஷினுக்குக் கண்ணு தெரியாது சார். பூஜையில மூடிக்கிச்சு, அதான் இடிச்சுது."

"எவ வெச்சது?"

"கம்பெனி பூஜை சார். கற்பூரம் காட்டனது நீங்கதான?"

யாரோ பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தார்கள்.

"உங்க போன குடுங்க சார்" என்று ஹெப்சிபா கை நீட்டினாள். இத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? புது போன் வேறு. கோட்டுக்கு அந்தப் பக்கம், பூமாரி உட்காரும் இடத்தில் வேறொரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் வைத்தாள். மனசுக்குள் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்தினாள்.

கை திரும்பியது. கோட்டை நெருங்கியது. துரை கண்ணை மூடிக்கொண்டார்.

டக்!

போனுக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றது. ஷெட் அதிர விசில் பறந்தது. அந்த நேரம் பார்த்து போனும் அடித்தது, துரையின் வீட்டுக்காரம்மா. ஹெப்சிபா சாவியைத் திருப்பி மெஷினை முழுசாக நிறுத்தினாள். அப்படியும் அந்தக் கைக்குப் பக்கத்தில் போக துரைக்குக் கால் வரவில்லை.

பூமாரி போனாள். போனை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டு, தன் ஸ்டூலில் ஜம்மென்று உட்கார்ந்தாள்.

"சாவி உன்கிட்டயே இருக்கட்டும்மா" என்று முனகிவிட்டு, துரை போனைக் காதில் வைத்தபடி நகர்ந்தார். ஹெப்சிபாவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. சாவி மறுபடியும் சிலுவையோடு சேர்ந்துகொண்டது.

பூமாரி புது ஸ்விட்சை உற்றுப் பார்த்தாள். "அக்கா, இதுக்கும் வெக்கலாமா?"

"வெய்யிடி. நல்லா பெர்சா வெய்யி."