இருபத்தொரு அங்குல மாப்பிள்ளை

ஜோகாவின் கல்யாண ஒப்பந்தத்தில் இரண்டு வரி கூடுதலாக உண்டு. எழுதும்போது காஜிக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. 'ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மத்தியானச் சாப்பாடு பெண்ணின் தாய் வீட்டில். ஒரு வெள்ளி தவறினால், அடுத்த வெள்ளி வரை பெண் தாய் வீட்டிலேயே தங்குவாள்.'

இரண்டாவது வரி ஜோகாவே சொல்லிச் சேர்த்தது. அப்போது கல்ஃபானைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம், இப்ரா ஊரில் கணக்கு வாத்தியார், பல்வரிசை நன்றாக இருக்கும், அவ்வளவுதான். முன்பின் தெரியாத மனிதன், கையில் ஒரு பிடி இருக்கட்டுமே என்று போட்டு வைத்தாள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தப் பிடி அவள் கழுத்தையே இறுக்கியது. இவனை விட்டுவிட்டு ஏழு நாள் இருக்க அவளால் முடியாது. அதை அவனிடம் ஒப்புக்கொள்ளவும் முடியாது.

அம்மா வீடு பிதியா ஊரைத் தாண்டிப் பாலைவன மணலுக்குள் பதினொரு கிலோமீட்டர். இதுவரை கல்ஃபானின் அண்ணனுடைய பழைய பிக்கப்பில் போய் வந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் ஆடு வாங்கிவிட்டான். அதை ஏற்றிப் போக வண்டியைத் திருப்பிக் கேட்டான். அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை இருவரும் கார் ஷோரூமுக்குப் போனார்கள்.

அங்கே ஒரே வண்டி இரண்டு வேஷத்தில் நின்றது. ஒன்று வெள்ளை. பதினெட்டு அங்குல ரிம், சாம்பல் நிறம், எந்தப் பகட்டும் இல்லை. சுற்றிலும் தடித்த டயர். மற்றது கறுப்பு. இருபத்தொரு அங்குல ரிம். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படிப் பளபளப்பு. அதைச் சுற்றி டயர் என்று பெயருக்கு ஒரு ரப்பர் பட்டை.

கல்ஃபான் கறுப்பு வண்டியைச் சுற்றி மூன்று முறை நடந்தான். ஜோகா அபாயாவை ஒதுக்கிக்கொண்டு தரையில் குந்தினாள். ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் கையை விரித்து வைத்துப் பார்த்தாள். வெள்ளை வண்டியில் அவள் சாண் கிட்டத்தட்ட அடங்கியது. கறுப்பில் அரைச் சாணும் ஒரு விரலும்தான். அவள் வீட்டில் ஆட்டுக்குப் பல்லைப் பார்ப்பார்கள், வண்டிக்கு இதைப் பார்ப்பார்கள்.

"இது வேண்டாம்," என்றாள்.

"என்ன பண்ற நீ, தரையில உக்காந்துக்கிட்டு? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். இதுல ரப்பரே இல்ல. வீட்டுக்குப் போக முடியாது."

கணக்கு வாத்தியார் சிரித்தார். விற்பனைக்காரனிடம் அளவு நாடா வாங்கி இரண்டு சக்கரத்தையும் மேலிருந்து கீழ்வரை அளந்தார். "பாரு. ரெண்டும் ஒரே உயரம். ரெண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அப்புறம் மணலுக்கு என்ன தெரியும், உள்ள ரிம் பெருசா சின்னதான்னு?"

"வாத்தியாரே, உயரம் ஒண்ணுதான். அந்த உயரத்துல இரும்பு எவ்வளவு, காத்து எவ்வளவு? மணல்ல நம்மளத் தூக்கிட்டுப் போறது காத்து. இரும்பு இல்ல."

"அதான் காத்தை எறக்கிட்டுப் போவோமே. எல்லாரும் பண்றதுதானே."

"எறக்குறதுக்கு இருந்தாத்தானே எறக்க முடியும்?"

விற்பனைக்காரன் பக்கத்தில் நின்று, சாருக்கு இந்தக் கறுப்புதான் எடுப்பாக இருக்கும் என்றான். அவன் வேலை அது. கல்ஃபானின் முகத்தைப் பார்த்தாள் ஜோகா. புது உடுப்பு போட்ட பெருநாள் காலையில் மனிதர்களுக்கு வருமே, அந்த முகம். அதைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அதுதான் அவள் செய்த தப்பு.

"உங்க வண்டி, உங்க இஷ்டம். என் வெள்ளிக்கிழமை மட்டும் என்னுது," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் புறப்பட்டார்கள். கல்ஃபான் வெள்ளை வெளேரென்று திஷ்தாஷா அங்கி, தலையில் புதுத் தொப்பி. பின் சீட்டில் இப்ரா அல்வா ஒரு டப்பா. தார் ரோடு முடிகிற இடத்தில் நிறுத்தி, எல்லோரும் செய்வதுபோல ஒரு குச்சியை வால்வில் அழுத்திக் காற்றை இறக்கினான். அண்ணன் பிக்கப்புக்கு மணலில் எப்போதும் காற்றழுத்தம் பதினைந்து வைப்பார்கள். இதற்கும் பதினைந்தே வைத்தான். பிக்கப் டயர் காற்று குறைந்தால் ஒட்டகப் பாதம்போல அகலமாகப் படியும். இது படியவில்லை. ரிம்தான் இறங்கி மணலுக்குக் கிட்டே வந்து நின்றது.

"கொஞ்சம் ஏத்திக்கலாமே," என்றாள் ஜோகா.

"எனக்கு ஓட்டத் தெரியும்மா."

தெரியும்தான். ஒன்பது கிலோமீட்டர் அழகாக ஓட்டினான். கடைசி மேட்டுச் சரிவில், வேகத்தை விடாமல் வண்டியைத் திருப்பினான். முன்பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம். வண்டி ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றது. இறங்கிப் பார்த்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்று ஓரமாகத் தொங்கியது. இருபத்தொரு அங்குல ரிம் பாதி மணலுக்குள் புதைந்தும், வெயிலில் இன்னும் பளபளத்தது.

ஜாக்கியை வைத்தான். ஜாக்கி மணலுக்குள் போனது. இன்னொரு முறை வைத்தான். இன்னும் ஆழமாகப் போனது. அடியில் வைக்க ஒரு பலகை இல்லை. புது வண்டியில் பலகை எதற்கு என்று அவன்தான் எடுக்கவில்லை. திஷ்தாஷாவின் முழங்கால் இரண்டும் பழுப்பானது.

ஜோகா போனை எடுத்தாள். "அப்பாவைக் கூப்பிடறேன்."

"அரை மணி நேரம் குடு. நானே பாத்துக்கறேன்."

அவன் ஏன் கெஞ்சுகிறான் என்று அவளுக்குத் தெரியும். அவள் அப்பா சுலையம் வீட்டில், விருந்தாளிகள் உட்காரும் அறையில் ஒரு கயிறு தொங்குகிறது. மணலில் சிக்கிய வண்டியை இழுக்கிற கயிறு. இழுக்கப்பட்டவர் தன் கையாலேயே அதில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். ஒன்பது முடிச்சு ஆகிவிட்டது. காப்பி ஊற்றும்போதெல்லாம் சுலையம் முடிச்சைத் தடவிக்கொண்டே கதை சொல்வார். மூன்றாவது முடிச்சு ஒரு பெரிய அதிகாரி. அவர் பேரப்பிள்ளை எடுத்தும் அந்தக் கதை ஓயவில்லை.

அரை மணி நேரம் போனது. மண்டியிட்டுக் கையால் மணலை வாரினான் கல்ஃபான். வார வார மேலிருந்து அதே அளவு சரிந்தது. ஜோகா நிழல் பக்கம் உட்கார்ந்து ஏழு நாளை எண்ணிப் பார்த்தாள். அம்மா வீட்டில் ஏழு நாள் என்றால் ஒரு காலத்தில் அவளுக்குச் சந்தோஷம். இப்போது அப்படி இல்லை. வரி எழுத்தில் இருக்கிறது. சாட்சி இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

கல்ஃபான் எழுந்து வந்தான். தாடியெல்லாம் மணல். மணியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் மடியிலிருந்த போனைத் தானே எடுத்து, எண்ணை அழுத்திக் காதில் வைத்தான்.

"மாமா, கல்ஃபான் பேசறேன். கயிறை எடுத்துட்டு வாங்க. சாப்பாட்டு நேரம் தாண்டுது. ஜோகாவோட வெள்ளிக்கிழமை போயிடக் கூடாது."

சுலையத்தின் குரல் கேட்டது. "எத்தனை அங்குலம்?"

"இருபத்தொண்ணு, மாமா."

"வர்றேன்."

ஜோகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சிரிப்பை மட்டும் வெளியே விட்டாள்.

சுலையத்தின் பழைய பிக்கப் மேட்டைத் தாண்டி ஆடி ஆடி வந்தது. அவர் தோளில் கயிறு மாலைபோலக் கிடந்தது. கையில் காற்றடிக்கிற கருவியும் இரண்டு பலகையும். இறங்கியதும் சலாம்கூட அப்புறம்தான். முதலில் ரிம்மைக் குனிந்து பார்த்தார். "நல்ல கண்ணாடி. மீசை வெட்டிக்கலாம்," என்றார்.

பின்னால் உட்கார்ந்திருந்தவள் ஜோகாவின் அம்மா ஷின்னூனா. மடியில் மூடி போட்ட பெரிய தாம்பாளம். ஆட்டுக்கறிச் சோறு. கூடவே பேரீச்சம்பழம், காப்பிக் கூஜா. மணலில் ஒரு வண்டி நின்றால் அதைக் கிளப்பாமல் கணவர் வீடு திரும்ப மாட்டார், அசர் தொழுகை நேரம் ஆகிவிடும் என்று முப்பத்தைந்து வருஷமாக அவளுக்குத் தெரியும். காரின் நிழலில் பாயை உதறி விரித்தாள்.

கல்ஃபான் உட்காரவில்லை. கணக்கு வாத்தியார், தனக்கு எதிராகவே விடை வந்தாலும் மறைக்கத் தெரியாத ஆள். "மாமி, எழுத்துல 'தாய் வீட்டில்'னு இருக்கு. இது வீடு இல்ல. நான் தோத்துட்டேன். ஒரு வாரம் அவ உங்ககூட இருக்கட்டும்," என்றான்.

ஷின்னூனா மகளின் முகத்தைப் பார்த்தாள். ஜோகா சட்டென்று கூஜாவைப் பார்த்தாள். அம்மாவுக்கு அதுவே போதும்.

"இந்தப் பாய் யாரோடது?"

"உங்களோடது, மாமி."

"இந்தச் சோறு யார் ஆக்குனது?"

"நீங்க."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த மணல்ல முப்பது எடம் மாறியிருக்கேன் நான். எங்க பாயை விரிச்சேனோ அது என் வீடு. இப்ப நீ என் வீட்டுல நிக்கிறே. செருப்பைக் கழட்டிட்டு உக்காரு, சோறு ஆறுது."

கல்ஃபான் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். கறியில் நல்ல துண்டுகளை மாமி அவன் பக்கமே தள்ளினாள். ஜோகா தாம்பாளத்தின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, இத்தனை ருசியாக அம்மா ஒருநாளும் சமைத்ததில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டதும் சுலையம் கயிற்றை நீட்டினார். கல்ஃபான் பத்தாவது முடிச்சை ஒழுங்காகப் போட்டு இறுக்கினான். "இது நல்ல கதை. மூணாவதைவிட நல்லா ஓடும்," என்றார் மாமனார் திருப்தியாக. பிறகு பலகையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் குனிந்தார்.

கல்ஃபான் கை கழுவிவிட்டு மெதுவாக அவருடைய பிக்கப் பக்கம் போனான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு குந்தினான். ரிம்முக்கும் மணலுக்கும் நடுவில் கையை விரித்து வைத்தான். திரும்பினால் ஜோகா நின்றுகொண்டிருந்தாள்.

"நாளைக்கு டயர் கடைக்குப் போறேன். பதினெட்டுக்கு மாத்திடலாம்," என்றான். "நீயும் வா. என் சாண் பெருசா இருக்கு, கணக்குத் தப்பிடும். உன் கையைக் கொண்டு வா."